ஹால் மாத்திரை

டாக்டர் பதினொரு மணிக்கு வருவாள். இப்போது ஒன்பது ஐம்பது. எழுபது நிமிடம் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒன்றரைப் பாடவேளை, இந்த நேரத்துக்குள் நான் நோய்த்தடைக்காப்புப் பாடத்தை ஆரம்பித்து, நடுவில் பேசுகிற இரண்டு பேரை எழுப்பி நிறுத்தி, போர்டில் படம் போட்டு, ஐந்து மதிப்பெண் வினாவுக்கான விடையை வரிவரியாகச் சொல்லி எழுத வைத்து முடித்திருப்பேன், இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் முடித்தேன், இன்றைக்கு இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலணிகளை வெளியே விடவும் என்று கதவில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் மூன்றாவது கட்டிலில் என் மகள் தாரணி, பதினேழு வயது, பிளஸ் டூ பரீட்சை பாதி எழுதியவள், வயிறு ஊதிக் கிடக்கிறாள். நேற்று சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தோம். குடலில் கிருமி, ஷிகெல்லாவாக இருக்கும், பெருங்குடல் வீங்கி அசையாமல் நின்றுவிட்டது, மருந்து ஏற்றிப் பார்ப்போம், வீக்கம் வற்றவில்லை என்றால் வயிற்றைத் திறந்து ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருக்கும், அதற்குள் கிழிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னாள். காலை ஏழு மணிக்கு மறுபடி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அதைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் பதினொரு மணி. பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் ஃபோர்மேன், மடியில் ஃப்ளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்றிலிருந்து அவர் அந்த ஃப்ளாஸ்க்கைத் திறக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் நேற்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து வடிவு டீச்சர்தானே என்றாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, அதுவே ஒரு அவமானம், ரெஜினா என்று பெயர் சொல்லி, எந்த வருஷத்து செட் என்றும் சொன்னாள், தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். என்னுடைய பாடம் ஒன்று இன்றுவரை மறக்கவில்லையாம். வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்துவிட்டால் வாசலைத் திறந்து தள்ளுவோமா, வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்போமா, வயிற்றுப்போக்கும் அப்படித்தான், குடல் கிருமியைத் தள்ளுகிறது, அதைப் பூட்டாதே, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டு தள்ளவிடு. நான் சொன்னதுதான், வருஷா வருஷம் சொன்னதுதான், கை வீசிக் காட்டிக்கூடச் சொல்லியிருப்பேன். இப்போதும் வருகிற அம்மாக்களிடம் இதைத்தான் சொல்கிறாளாம். பக்கத்தில் நின்ற நர்ஸிடம் எங்க டீச்சர் என்று காட்டினாள். நர்ஸ் கும்பிட்டாள். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நீங்க இருக்கறப்ப இதக் கேக்கவே வேண்டாம் டீச்சர், இருந்தாலும் ஃபைல்ல எழுதணும். நிறுத்துறதுக்கு மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?”

“இல்லம்மா. நான் குடுப்பனா?”

அவள் சிரித்துக்கொண்டே இல்லை என்று எழுதினாள். எழுதுவதை நான் பார்த்தேன். கொடுத்தேன் என்று நினைத்து, மறைக்க வேண்டும் என்று முடிவு பண்ணிச் சொன்ன இல்லை கிடையாது அது, நினைப்பதற்கு முன்னாலேயே வாயில் வந்து நின்றது. இயல்பு நோய்த்தடைக்காப்பு என்றால் என்ன, எழுந்து சொல்லு, கடைசி பெஞ்ச், பிறவியிலேயே அமைந்தது, கற்றுக்கொள்ளத் தேவையில்லாதது, இன்ன எதிரி என்று பார்க்காமல் எதிர்ப்பட்டதை உடனே தாக்குவது. உட்கார். அந்த மாதிரி வந்த இல்லை அது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அந்தப் பத்து விநாடிக்குள் எனக்குள் யாரோ வாசலில் நின்று என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். மகளை யாரும் காப்பாற்றவில்லை. அவள் டீச்சர் என்று கூப்பிடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். வேறு ஏதாவது காரணம் கிடைத்திருக்கும்.

டி.வி.யில் சத்தம் இல்லாமல் ஒரு பெண் சமைக்கிறாள். வெங்காயம் வதக்குகிறாள். எதிர் வரிசையில் ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். தொண்டையிலிருந்து கீழே எல்லாமே ஒரே குழாய்தான், ஒன்பது மீட்டர் என்று புத்தகம் சொல்கிறது, உடம்புக்கு உள்ளே இருக்கிற வெளி அது, தெரு மாதிரி, யாரும் வரலாம், போகலாம். தெருவில் வருகிறவனை வீட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் வேலை. எம்.எஸ்சி. படிக்கும்போது எனக்குக் குடல் என்றால் அவ்வளவு ஆசை, யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், சொன்னதில்லை. எலியின் சிறுகுடலை மெழுகில் பதித்துச் சீவி, சாயம் ஏற்றி, முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறது. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு குழி, குழியின் அடியில் நாலைந்து செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் குன்றிமணியைக் கொட்டிவைத்த மாதிரி சிவப்புச் சிவப்பாக மணிகள். பானெத் செல்கள். கிருமி கிட்டே வந்தால் அந்த மணிகளை உமிழும், உமிழ்ந்தது கிருமியின் தோலில் ஓட்டை போடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே இருட்டுக் குழிக்குள் நின்று காவல் காக்கிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற பையன் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டான். அப்படி அழுத சண்முகவடிவு வேறு யாரோ. அவள் பி.எட். முடித்து, வேலையில் சேர்ந்து, கல்யாணம் பண்ணி, அந்தக் காவலையெல்லாம் நாலு தடைகள் என்று நம்பர் போட்டு, ஒரு தலைப்புக்கு ஒன்றேகால் மதிப்பெண் என்று பிரித்துக் கொடுக்கிறவளாக ஆகிவிட்டாள். பானெத் செல்லைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் கேட்க மாட்டார்கள், கேட்காததை நடத்த நேரம் கிடையாது, அதனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வகுப்பில் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. என் மகளுக்கும் சொன்னதில்லை. அது இருப்பதும் சிறுகுடலில்தான். பெருங்குடலில் அந்தக் காவல் கிடையாது, அங்கே கோழைதான் காவல், வழவழவென்று ஒரு படலம், மூக்கில் வந்தால் முகம் சுளிக்கிறோமே அதே சாமான். கோழையைத் தாண்டிவிட்டால் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம். இவளுக்கு நோய் வந்தது பெருங்குடலில்.

திங்கட்கிழமை உயிரியல் பரீட்சை. ஞாயிறு மத்தியானத்திலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டியூஷன் சென்டரில் வைத்திருக்கிற கேன் தண்ணீரா, வாசலில் விற்கிற மாங்காய்ப் பத்தையா, எதுவென்று தெரியாது, ஷிகெல்லா நூறு கிருமி போனால்கூடப் போதும், வயிற்று அமிலத்துக்கே சளைக்காதது அது. அமிலத்தைத் தாண்டும், கோழையைத் தாண்டும், சுவரில் இருக்கிற ஒரு சிறு வாசல் வழியாக உள்ளே போகும், விழுங்க வருகிற செல் விழுங்கினால் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்து அதைக் கொல்லும், பிறகு சுவரைப் பின்பக்கத்திலிருந்து குடையும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. திங்கட்கிழமை விடிந்ததும் எட்டு தடவை போய்விட்டாள், எட்டாவது தடவை கதவைத் திறந்து, முகம் வெளிறி, அம்மா சிவப்பாப் போகுது என்றாள். நான் அடுப்பில் இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தேன். நேத்து பீட்ரூட் பொரியல் சாப்பிட்டேல்லா, அதான் என்றேன். பீட்ரூட் பொரியல் செய்தது நிஜம். அவள் சாப்பிட்டது ஒரு கரண்டி. பாதியைத் தட்டிலேயே ஒதுக்கியிருந்தாள், அந்தத் தட்டைக் கழுவியவளும் நான்தான். உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். பீட்ரூட் சாயம் தண்ணீரில் கரைந்து பரவும், ரத்தம் கோழையோடு திரிதிரியாகத் தனியாக நிற்கும், ஒரு பார்வை போதும், விலங்கியல் படித்தவள் வேண்டாம், யார் பார்த்தாலும் தெரியும். நான் பார்க்கவில்லை. பார்த்தால் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. அவள் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து நின்றாள். மூணு மணி நேரம் எப்படிம்மா உக்காருவேன் என்று அழுதாள். ஒரு வருஷமாக உயிரியலுக்கு நூற்றுக்கு நூறு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நான், என் மகள் என் பாடத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் ஸ்டாஃப் ரூமில் தலை காட்ட முடியுமா. என் கைப்பைக்குள்ள ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கு, ரெண்டு எடுத்துப் போட்டுக்கோ என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை. டீச்சர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது என்னவென்று தெரியும்.

ஹால் மாத்திரை. கடையில் கேட்டால் அதற்கு வேறு பெயர், எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தது எஸ்தர் டீச்சர், கணக்கு, போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். பரீட்சை டியூட்டி என்றால் பெரும்பாலும் வேறு ஊரில், வேறு பள்ளியில், ஹாலுக்குள் போய்விட்டால் மூன்றே கால் மணி நேரம் வெளியே வர முடியாது, ஆளை மாற்றிவிட ஒருத்தர் வந்தால்தான் உண்டு, வர மாட்டார்கள். வந்தாலும் போவதற்கு இடம் வேண்டுமே. ஒரு பள்ளியில் டீச்சர்களுக்கான கக்கூஸில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் பூட்டுப் போட்டிருந்தது, சாவி ஹெட்மாஸ்டர் மேசையில், நாலு ஆண்களுக்கு நடுவில் நின்று சார் சாவி என்று கேட்க வேண்டும், அவர் எந்தச் சாவி என்று கேட்பார். அதனால் காலை ஆறு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம், வயிறு லேசாகக் கடமுட என்றால் ஒரு ஹால் மாத்திரை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த வருஷம் எஸ்தர் டீச்சர்தான் என் உள்ளங்கையில் முதல் மாத்திரையை வைத்து மூடினார், போட்டுக்கோ, கல்லு மாதிரி நிக்கும் என்றார். பேனா, அளவுகோல், சிவப்பு மை, ஹால் மாத்திரை, இதுதான் எங்கள் ஜாமெட்ரி பாக்ஸ். குடலைப் பூட்டாதே என்று கிளாசில் கை வீசிக் காட்டிவிட்டு வந்து அடுத்த வாரம் நான் பூட்டிக்கொண்டு போவேன். பாடம் வேறு, பிழைப்பு வேறு என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிற மாதிரி நானும் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் ஆனதில்லை, அதுதான் மோசம். ஒன்றிரண்டு தடவையாவது எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் புத்தி வந்திருக்கும்.

அன்றைக்குப் பரீட்சை முடிந்து சிரித்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவைகூட எந்திரிக்கலம்மா என்றாள். வினாத்தாளை நீட்டினாள். ஐந்து மதிப்பெண் பகுதியில் இயல்பு நோய்த்தடைக்காப்பின் தடைகளை விவரி என்று இருந்தது. நாலு தலைப்பும் எழுதிட்டேன், படம் கேக்கல, ஆனாலும் போட்டேன் என்றாள். நான் சந்தோஷப்பட்டேன், அதை எப்படி மறுப்பேன், வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன், யாராவது வந்தால் சொல்லலாம் என்று. தோலும் கோழையும் முதல் தடை என்று அவள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கோழையை அரித்துக்கொண்டு ஒன்று உள்ளே போயிருக்கிறது. விழுங்கு செல்கள் கிருமியை விழுங்கி அழிக்கும் என்று முற்றுப்புள்ளி வைத்த நேரத்தில் அவளுடைய விழுங்கு செல்கள் லட்சக்கணக்கில் ரத்தத்தைவிட்டு இறங்கி வந்து, கிருமியைப் பிடித்து, தங்களையும் வெடித்துக்கொண்டு செத்திருக்கின்றன. கிருமி ஒட்டிய சுவர்ச் செல்கள் பிடியைவிட்டுத் தாமாகக் கழன்று விழுந்திருக்கும், நான் போகிறேன், என்னோடு சேர்த்து இதையும் வெளியே தள்ளிவிடுங்கள் என்று. தள்ளத்தான் ஆள் இல்லை. தள்ளுகிற தசையைக் கல்லு மாதிரி நிற்க வைத்துவிட்டு நான் வேறு ஒரு பள்ளியில், வேறு யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போராடிச் செத்ததெல்லாம், கிருமி, விஷம், செத்த காவல்காரன், கழன்ற சுவர், எல்லாம் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி அழுகியிருக்கும். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அவள் கக்கூஸ் போகவில்லை என்பதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். லேசாகச் சுடுது என்றாள், கண் முழிச்சுப் படிச்ச சூடு என்றேன். வயிறு திம்முனு இருக்கு என்றாள், ரசம் சாதம் போட்டேன். வெள்ளிக்கிழமை வேதியியல் எழுதிவிட்டு ஹாலைவிட்டு வெளியே வந்து வராந்தாவில் விழுந்தாள்.

வீட்டுக்காரர் பெருமூச்சு விடுகிறார். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. மேலதிகாரி கேட்டாலும் தெருவில் எவன் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லி, அதற்காக இரண்டு தடவை தென்காசிப் பக்கம் தூக்கியடிக்கப்பட்டவர். அதையே நான் அவரைக் குத்திக்காட்டப் பயன்படுத்தியிருக்கிறேன், பிழைக்கத் தெரியாதவர் என்று அவர் தங்கச்சி முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். நேற்று ஆம்புலன்சில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், நீதான் டீச்சராச்சே, திங்கக்கெழமையே ஒனக்குத் தெரியலையா. ஏச்சாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தெரியலைங்க என்றேன். அதுவும் ஒரு இல்லைதான். கணக்குப் பார்த்தால் எத்தனை இல்லை ஆயிற்று, பீட்ரூட்டைச் சேர்த்தால் மூன்று. இப்போது ரெஜினா வந்ததும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், ரெண்டே ரெண்டு மாத்திரை, ஐந்து நாளைக்கு முன்னால், அதனாலெல்லாம் இவ்வளவு ஆகியிருக்காது, எதற்கு வீணாக, இப்போது சொன்னால் மட்டும் குடல் சுருங்கிவிடுமா. ரெண்டுதானே. இந்த ரெண்டைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரியைக் கடத்தினேன். கர்ச்சீப் எடுப்பதற்காகக் கைப்பையைத் திறந்தேன், பரீட்சைக்குக் கொண்டுபோன அதே பை, அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், அடியில் ஜாமெட்ரி பாக்ஸ். மூடியைத் திறந்தேன். பத்து மாத்திரை அட்டை, இந்தப் பரீட்சைக்கென்று புதிதாக வாங்கியது. முதல் வாரம் நான் ஒன்று போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை அவளுக்கு இரண்டு. ஏழு இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், கிழிந்த கட்டங்களின் விளிம்பு விரலில் குத்தியது. மறுபடி எண்ணினேன், எட்டுக் கட்டம் காலி. என்ன தேடுத என்றார் வீட்டுக்காரர். ஒண்ணுமில்லை என்றேன்.

பத்தரை மணிக்கு ஒருவர் மட்டும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று நர்ஸ் கூப்பிட்டாள். நான் எழுந்தேன், அவரும் எழுந்து, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். செருப்பைக் கழற்றினேன். உள்ளே குளிர். மூக்கில் குழாய், கையில் குழாய், போர்வைக்கு மேல் வயிறு தனியாகத் தெரிந்தது, என் பிள்ளையின் வயிறு மாதிரியே இல்லை. உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். வேதியியல் ஈசிதாம்மா என்றாள், நான் கேட்கவே இல்லை. பெட்டியை வெளியே எடுக்காமல், குனிந்து காதோரம், எத்தனைடி போட்ட என்று கேட்டேன். அவள் கண் முதலில் கதவுப் பக்கம் போயிற்று.

“தெனம் ஒண்ணும்மா. கெமிஸ்ட்ரி அன்னைக்கு ரெண்டு. படிக்கையில வயிறு முறுக்கிக்கிட்டே இருந்துச்சு, போனா நேரம் போயிரும்லா. நீ சொல்லிராத. டாக்டரக்கா கேட்டாங்க, நான் இல்லன்னுட்டேன். சொன்னா அப்பா உன்னையத்தான ஏசுவாங்க.”

யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவளுக்கு. நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறவியிலேயே அமைந்தது, கற்றுக்கொள்ளத் தேவையில்லாதது. இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்தும் இரண்டும் ஏழு, ஐந்து நாளில் ஏழு, நேற்றுக் காலை போட்ட இரண்டு இன்னும் அந்தக் குடலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும், அது தெரியாமல் இவர்கள் ராத்திரி முழுக்க மருந்தை ஏற்றிவிட்டு, வற்றும் வற்றும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் வலியை முழுங்கி முழுங்கி வினாவங்கியைப் புரட்டியிருக்கிறாள், நான் அதே வீட்டில் பக்கத்து அறையில் விடைக்குறிப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. வெட்கமில்லாமல் வந்தது. உன்னை யாரு எடுக்கச் சொன்னா என்று கேட்கப் போனேன், நான்தான் எடுக்கச் சொன்னேன், பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக்கூட நான்தான் சொன்னேன். வயிற்றில் கை வைத்தேன், லேசாகத்தான், அவள் பல்லைக் கடித்தாள். தோல் மத்தளம் மாதிரி விறைத்து, சுட்டது. சரி, நான் சொல்லலை என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் நேரமாகிவிட்டது என்றாள்.

வெளியே வந்தபோது ரெஜினா முன்னதாகவே வந்திருந்தாள். வீட்டுக்காரரிடம் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், நேற்றைவிட அகலமாகியிருக்கிறது, ஆனால் நாடித்துடிப்பு பரவாயில்லை, இன்னும் ஆறு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாமா என்று சர்ஜனிடம் கேட்க வேண்டும் என்றாள். என்னைப் பார்த்ததும் தயவாக டீச்சர் உக்காருங்க என்றாள். ஆறு மணி நேரம். இன்னும் ஆறு மணி நேரம் அந்த வயிறு பொறுக்குமா. ஓரமாகக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன், அவர் காதில் விழாமல், படிகளுக்குப் பக்கத்தில், மெதுவாக. ஆனால் கை பையைத் திறந்து, பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகவே நீட்டிவிட்டது. ரெஜினா வாங்கித் திருப்பிப் பெயரைப் படித்தாள். ஒரு நிமிடம் அவள் முகத்தில் டாக்டர் யாரும் இல்லை, கடைசி பெஞ்சில் நிற்கிற பிள்ளை ஒன்றுதான் இருந்தது.

“ஏழு குடுத்திருக்கேன்,” என்றேன். “திங்கக்கெழமையிலருந்து. கடைசியா நேத்துக் காலைல ரெண்டு. ரத்தமும் போச்சு. எல்லாம் நான்தான் குடுத்தேன்.”

“நேத்தே சொல்லிருந்தா ராத்திரியே சர்ஜனக் கூப்பிட்டிருப்பேன்,” என்றாள் அவள். டீச்சர் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவள் போனில் பேசிக்கொண்டே உள்ளே ஓடினாள், யாரோ ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், வீட்டுக்காரர் ஃப்ளாஸ்க்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் போட்டார், உறவு என்ற இடத்தில் தகப்பனார் என்று நிறுத்தி எழுதினார். என்னிடம் ஏழா என்றுகூடக் கேட்கவில்லை. ஏசுவார் என்று அந்தப் பிள்ளை பயந்தாளே, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீக்கமும் ஒரு தடைதான், நாலாவது தலைப்பு, சிவக்கும், சுடும், வலிக்கும், அதெல்லாம் உடம்பு உயிரோடு சண்டை போடுகிறது என்பதற்கு அடையாளம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இவர் முகம் சிவக்கவே இல்லை. கதவு திறந்து தள்ளுவண்டி வந்தது. தாரணிக்குப் பச்சை உடை மாட்டியிருந்தார்கள், கம்மலைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்கள். லிஃப்ட் வருகிறவரை வண்டி நின்றது. ஒரு பக்கம் நான், எதிர்ப் பக்கம் அவர். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

“அம்மா, சொல்லிட்டியா?”

“இல்லை,” என்றேன். இதுவும் நினைப்பதற்கு முன்னாலேயே வந்தது.

அவள் நம்பவில்லை போலிருக்கிறது, அவரைப் பார்த்தாள். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

“என்னத்தச் சொல்ல, அம்மா ஒண்ணும் சொல்லலியே,” என்றார்.

அவள் முகம் இளகியது. லிஃப்ட் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு மூடிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் மேலே மாறுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம், மூன்றில் நின்றது. திரும்பி வந்து நான் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.